மண்ணே கத்தினால் கம்மலை எப்படித் தேடுவது?

கேள்வி: மல்லாட்டை பிடுங்கும்போது கொல்லையில் என் தங்கக் கம்மல் ஒன்று விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி கொடுத்த மெட்டல் டிடெக்டர் எங்கே வைத்தாலும் கத்துகிறது. புதிதாக வாங்கலாம் என்று கடையில் கேட்டால், ‘ஆட்டோ கிரவுண்ட் பேலன்ஸ்’ உள்ளதற்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். அது தேவைதானா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: தேவைதான் சகோதரி. மண்ணால் வரும் சத்தத்தைக் கருவியே கழித்துவிடும் வசதி அது. தம்பியின் கருவி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மண்ணே அதைக் கத்த வைத்திருக்கலாம். செம்மண்ணின் நிறமே இரும்பால் வருவது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, காய்ந்த மண்ணில் புரட்டிப் பாருங்கள். கறுப்புப் பொடி ஒட்டினால், அதுதான் கருவியைக் குழப்புகிறது. சூளையில் வெந்த செங்கல் துண்டுகூட இப்படிக் கத்த வைக்கும்.

கருவியின் அடியில் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச் சுருள் மாறி மாறி ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. மண்ணிலுள்ள காந்தத் துகள் அதற்குக் கிட்டத்தட்ட உடனே பதில் தரும். தங்கம், செம்பு போன்றவற்றில் முதலில் மின்சாரம் சுழல வேண்டும், அதனால் பதில் கொஞ்சம் தள்ளி வரும். அந்தக் கால வித்தியாசத்தை வைத்துத்தான் கருவி மண்ணையும் உலோகத்தையும் பிரிக்கிறது. மலிவான கருவிகளில் ‘மண் இப்படித்தான் இருக்கும்’ என்று தொழிற்சாலையிலேயே ஓர் அளவை வைத்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் கொல்லை அந்த அளவுக்கு ஒத்துவராவிட்டால் ஓயாமல் கத்தும்.

‘ஆட்டோ கிரவுண்ட் பேலன்ஸ்’ உள்ள கருவியில் அந்த அளவை உங்கள் மண்ணிலேயே எடுக்கலாம். உலோகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, பட்டனை அழுத்திக்கொண்டு காயிலைத் தரைக்கு மேலே ஒரு சாண் உயரம்வரை நாலைந்து தடவை ஏற்றி இறக்க வேண்டும். கருவி அந்த மண்ணின் பதிலைக் கணக்கெடுத்து, அதை மட்டும் கழித்துவிடும். சத்தம் அடங்கும்.

கடையில் பலர் சொல்லாத ஒன்று இருக்கிறது. ‘டிராக்கிங்’ என்று இன்னொரு வசதி உண்டு. நடக்க நடக்க மண் மாறுவதைக் கருவியே பின்தொடர்ந்து சரிசெய்துகொள்ளும். ஏரிக்கரை, ஆற்றோரம் என்று மண் அடிக்கடி மாறும் இடத்தில் அது அருமையானது. ஆனால் கம்மல் கிடக்கும் இடத்திலேயே திரும்பத் திரும்ப வீசினால், அந்தச் சின்னச் சத்தத்தையும் மண் என்று எண்ணிக் கழித்துவிடும்! ஆகவே ஒரு தடவை சரிசெய்த பிறகு டிராக்கிங்கை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை. உங்கள் கொல்லை மண்ணை ஒரு பையில் கட்டிக் கொண்டுபோய், இன்னொரு காதின் கம்மலை அதில் நாலு விரல் ஆழத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்காதீர்கள். அப்புறம், ஒரு கம்மலுக்காக என்றால் நல்ல கருவியை ஒருநாள் வாடகைக்குக் கேட்டுப் பார்ப்பதே மேல்.

எதுவானாலும் அடுத்த உழவுக்கு முன் தேடிவிடுங்கள். ஏர் ஓடினால் கம்மல் ஆழத்துக்குப் போய்விடலாம்.