உடுப்பின் உள்பக்கம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1880களைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மேலுடுப்பைப் பார்த்தேன். உடம்போடு ஒட்டித் தைத்த பட்டு. இடுப்பு அவ்வளவு ஒடுக்கம்! அந்தக் காலப் பெண்கள் விலா எலும்பை எடுத்துவிட்டு இதை அணிந்தார்கள் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். இதை ரசிப்பதா, வதை என்று வெறுப்பதா?

ம., லண்டன்

அன்புள்ள ம.,

விலா எலும்புக் கதைக்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

இடுப்பு விஷயம் வேறு. கார்செட் என்பது இடுப்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் உள்ளாடை. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் சிமிங்டன் என்ற கார்செட் நிறுவனத்தின் பழைய சேகரிப்பு இருக்கிறது. அதிலுள்ள கார்செட்டுகளை அளந்து பார்த்தபோது பெரும்பாலானவற்றின் இடுப்பளவு 20 முதல் 26 அங்குலம் வரை இருந்தது. அதிலும் கார்செட்டை முழுக்க இழுத்து மூடாமல், முதுகில் இடைவெளி விட்டுத்தான் பலரும் கயிறு கட்டினார்கள். மேலுடுப்பில் அந்தச் சலுகை கிடையாது; முன்பக்கம் கடைசிக் கொக்கிவரை மாட்டியாக வேண்டும். ஆகவே அணிந்தவளின் இடுப்பைச் சரியாகச் சொல்லும் சாட்சி நீங்கள் பார்த்த உடுப்புதான். 1880களின் நடுவில் பாவாடையின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும் சட்டகமும் சேர்ந்துகொண்டது. அத்தனை பெரிய பின்புறத்துக்கு மேலே எந்த இடுப்பும் சிறுத்துத்தான் தெரியும்.

கார்செட் வலித்ததா என்றால், இறுக்கிக் கட்டியவர்களுக்கு வலித்தது. அன்றைய பெண்களே அதை எதிர்த்தார்கள். 1881இல் லண்டனில் 'பகுத்தறிவு உடைச் சங்கம்' தொடங்கி, உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று கேட்டார்கள். 7 பவுண்டு என்பது மூன்று கிலோவுக்கும் மேல். அதுவே சீர்திருத்தம் என்றால் மற்றவர்கள் சுமந்ததை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ரசிப்பதா வெறுப்பதா என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் அதைத் தைத்தவளை மறந்துவிடுவோம். எனக்கு முக்கியம் அவள்தான். அவளைப் பார்க்க உடுப்பைத் திறக்க வேண்டும். பட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் பருத்தி லைனிங்கை வைத்து, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்து மூட்டியிருப்பாள். நீளத் தையல்கள் பெரும்பாலும் மெஷினில். ஓரங்களில் நூல் பிரியாமல் இருக்கக் கையாலேயே சுற்றித் தைத்திருப்பாள். தையல்களின் மேல் சிறு உறைகள் தைத்து, திமிங்கலத்தின் மேல்தாடையில் சீப்புப் பற்கள்போலத் தொங்கும் தகடுகளைக் கீறி உள்ளே செருகியிருப்பாள். துணி சுருங்கி மேலேறாமல் காப்பது இவற்றின் வேலை. இடுப்பை இறுக்குவது கார்செட். உள்ளே இடுப்பைச் சுற்றி முன்னால் கொக்கி மாட்டும் நாடா ஒன்று இருக்கும். இழுவையை அது வாங்கிக்கொள்வதால் பட்டு கிழியாது. அக்குளில் வியர்வைத் திண்டு. சிலவற்றில் பழைய ஊசித் துளைகள் ஒரு வரிசையாகத் தெரியும்: உடம்பு பெருத்தபோது தையலைப் பிரித்து உடுப்பை அகலமாக்கிய இடம்.

அந்த நாடாவில் சில சமயம் பெயர் இருக்கும், கடைக்காரரின் பெயர். பாரிஸின் வொர்த் என்ற உடை நிறுவனம் தன் பெயரை அங்கேதான் பதித்தது. ஊசி பிடித்தவளின் பெயர் எங்கும் இராது. 1863இல் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையல்காரி லண்டனில் இறந்தாள். வேல்ஸ் இளவரசியின் வரவையொட்டிய நடன விருந்துக்கான உடைகளை 26½ மணி நேரம் ஓய்வின்றித் தைத்திருந்தாள். செத்ததால் அவள் பெயர் செய்தித்தாளில் வந்தது, கார்ல் மார்க்ஸ் எழுதி வைத்தார். உயிரோடிருந்து தைத்துக்கொண்டே போனவர்களுக்கு அதுவும் இல்லை. வதை என்று நீங்கள் சொன்ன சொல்லை நான் இந்த இடத்தில்தான் வைப்பேன்.

நீங்கள் லண்டனிலேயே இருப்பதால் ஒன்று சொல்கிறேன். அதே அருங்காட்சியகம் 2025 மே மாதம் கிழக்கு லண்டனின் ஒலிம்பிக் பூங்காவில் தன் சேமிப்புக் கிடங்கைப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஒரு தடவைக்கு ஐந்து பொருள்கள்வரை முன்பதிவு செய்து பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1880களின் மேலுடுப்பு ஒன்றைக் கேளுங்கள், உள்பக்கத்தைக் காட்ட முடியுமா என்றும் விசாரியுங்கள். அக்காலத்தில் பட்டுக்கு எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட பட்டு இன்று தொட்டாலே கீறிப்போகும். அதனால் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், வேறொன்றைக் கேளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.