கேளுங்கள், சொல்கிறேன்: பாரிமுனையில் என்ன இருக்கிறது?

கேள்வி: போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை பாரிமுனைப் பக்கம் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறோம் என்றார்கள் என்று போயிருந்தேன். தலைக்கு 400 ரூபாய், 40 பேர் இருப்போம். கூட்டிப் போனவர் முன்னால் நின்று வெறும் வருஷக் கணக்குகளையே ஒப்பித்தார், பின்னால் நின்ற எனக்கு பஸ் ஹாரன்தான் கேட்டது. அங்கே அப்படி என்னதான் சார் இருக்கிறது? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: 40 பேரோடு என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் போனால் அதற்குப் பெயர் ஊர்வலம். 15 பேருக்கு மேல் சேர்க்கிறார்கள் என்றால் நான் பணம் கட்டுவதில்லை. ஆனால் அதற்காக இடத்தைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

முனையில் நிற்கிற டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக ஒரு குட்டைத் தூண் இருக்கிறதே, பார்த்தீர்களா? 1773-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள், 1758-59-ல் திரும்ப வந்து முற்றுகை போட்டார்கள். வீடுகளின் மறைவில் நின்று சுடுகிறார்கள் என்று கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தையே (நம் ஆட்கள் குடியிருந்த பகுதி) இடித்து, பீரங்கி சுட வசதியாக வெட்டவெளி ஆக்கிவிட்டார்கள் ஆங்கிலேயர்கள். இந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது. இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்த வெட்டவெளியில்தான். அதாவது ஒரு ஊர் இருந்த இடத்தின்மேல் நடந்துவிட்டுத்தான் நீங்கள் ஒன்றுமில்லை என்கிறீர்கள்!

எனக்கு அங்கே பிடித்தது கலங்கரை விளக்கத்தின் கதை. முதல் விளக்கு 1796-ல் கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1844-ல் வெளியே வந்து ஒரு கருங்கல் தூணில் ஏறியது. அந்தத் தூண் இன்னும் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிறது. 1892-ல் அதைவிட உயரமாக நீதிமன்றம் எழும்பிவிட, 1894-ல் விளக்கு நீதிமன்றக் கோபுரத்துக்கே குடிபோனது. மெரினாவுக்குப் போனது 1977-ல்தான். இந்த மூன்று பழைய இடங்களையும் நடந்தே பார்த்துவிடலாம். ஒரே கதையாக இதைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு வருஷமும் மறந்திருக்காது.

அப்புறம் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவரில் சின்னதாக ஒரு கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதே, அன்று குண்டு விழுந்த இடம். 'அவன் சரியான எம்டன்டா' என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு ஒரு முகவரி உண்டென்றால் இதுதான். பக்கத்து நடைபாதையில் போகிறவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியன் சர்ச்சுக்குள் நுழையுங்கள். 1772-ல் கட்டியது. ஆறு மணிகள் தொங்கும் மணிக்கூண்டு கோவிலை விட்டுத் தனியாக நிற்கும், அதில் ஒரு மணியில் தமிழ் எழுத்து! தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அதில் ஒன்று ஹாருத்யுன் ஷ்மவோன்யன் என்ற பாதிரியாருடையது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் இந்த மெட்ராஸில் அச்சடித்தவர் அவர். பத்திரிகைக்காரன் நான், அங்கே போனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

கேள்வி: உயர் நீதிமன்றத்துக்குள் விடுவார்களா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: நினைத்த நேரத்தில் போய் வேடிக்கை பார்க்க முடியாது, சோதனை கடுமை. பணம் கட்டுவதற்கு முன்பே 'உள்ளே அனுமதி வாங்கிவிட்டீர்களா, இல்லை கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசப் போகிறீர்களா' என்று கேட்டுவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் வழக்கறிஞர்களுக்கே வழி கிடையாது. எல்லா கேட்டையும் பூட்டிவிடுவார்கள். 'இது பொதுப் பாதை, எங்களுக்கு நடக்க உரிமை இருக்கிறது' என்று பிற்காலத்தில் யாரும் கோரிவிடக் கூடாதாம். வழக்குப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர்கள், யோசிக்க மாட்டார்களா!

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. பழைய கட்டடங்கள் என்றால் உயிர். இந்த நடைக்கெல்லாம் கூட்டிப் போகலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: பாரிமுனை வேண்டாம். நடைபாதை ஏறி இறங்கும், உட்கார இடமில்லை, கழிப்பறைக்கு அலையவேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். எல்லாம் ஒரே வளாகம், நிழல் இருக்கிறது. பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடம். உயர் நீதிமன்றத்தைக் கட்டி முடித்த ஹென்றி இர்வின் போட்ட திட்டம்தான் அதுவும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொள்ளுங்கள்.