தண்டு ஆடினால் காயில் பொய் சொல்லும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓய்வு நாள்களில் மெட்டல் டிடெக்டருடன் கடற்கரையில் நடப்பது என் பொழுதுபோக்கு. நான்கு ஆண்டுகளாகப் புழங்கிவரும் கருவியின் தண்டில் பொத்தான் துளைகள் தேய்ந்துவிட்டதால், வீசும்போது நுனியிலுள்ள காயில் (உலோகத்தை உணரும் கம்பிச்சுருள் தட்டு) இரு பக்கமும் ஆடுகிறது. கார்பன் ஃபைபரால் ஆன, நீட்டிச் சுருக்கக்கூடிய டெலஸ்கோப்பிக் தண்டுகள் பல விலைகளில் கிடைக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது? என் உயரம் 6 அடி 1 அங்குலம்.
– வாசகர், எசெக்ஸ், இங்கிலாந்து

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கீழ்க்குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்து, மறுகையால் காயிலை அசைத்துப் பாருங்கள். காயில் மட்டும் ஆடினால், குறை தண்டில் இல்லை. காயிலின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரு காதுகளுக்கும் தண்டின் நுனிக்கும் இடையே இருக்கும் ரப்பர் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. உப்பு நீரிலும் மணலிலும் புழங்கும் ரப்பர் வழவழப்பாகிவிடும். புது வாஷர்கள் இரண்டைப் போட்டால் வேலை முடிந்தது. அப்போதும் சிலர் வாஷரை மாற்றாமல் போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவார்கள். காயிலின் காது உடைவது அப்படித்தான். உடைந்தபின் புதுக் காயிலுக்குக் கொடுக்கும் விலை தண்டின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும்.

காயில் அசையாமல் குழாய்க்குள் குழாய் ஆடுகிறது என்றால், நீங்கள் சொல்வது போலத் துளைகள் தேய்ந்திருக்கின்றன. உள்குழாயில் மெல்லிய இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ ஒட்டினால் ஒரு பருவம் தள்ளலாம். அதற்குமேல் அந்த வைத்தியம் நிற்காது.

புதுத் தண்டு வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது எடையை. நான் எடையைக் கடைசியில் வைப்பேன். தண்டின் நுனி காயிலின் காதுகளுக்கு இடையே பொருந்தாவிட்டால், எத்தனை கிராம் குறைந்திருந்தாலும் பயனில்லை. வெர்னியர் காலிப்பர் ஒன்றை இரவல் வாங்கியாவது நுனியின் தடிமன், போல்ட் துளையின் விட்டம், கீழ்க்குழாய், நடுக்குழாய் ஆகியவற்றின் வெளிவிட்டம் என்ற அளவுகளை எடுத்து எழுதி வையுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே இவை மாறக்கூடும் என்பதால், ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்ற விளம்பர வரியை நான் நம்புவதில்லை. உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி, இந்த அளவுகளையும் சொல்லி, பொருந்தும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியும் கைப்பிடியும் மேல்குழாயோடு எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். அவை கழற்றி மாற்றக்கூடியவையாக இருந்தால்தான் முழுத் தண்டையும் மாற்ற முடியும். ஒரே உடலாக வார்க்கப்பட்டிருந்தால் கீழ்க்குழாயையும் நடுக்குழாயையும் மட்டுமே மாற்றலாம். பல நேரங்களில் அதுவே போதுமானது.

அடுத்து, பலர் மறந்துவிடுகிற காயில் கேபிள். நீட்டிச் சுருக்கும் தண்டை எவ்வளவு நீட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது குழாய் மட்டுமன்று, கேபிளின் நீளமும்தான். கேபிளைத் தண்டைச் சுற்றிச் சில சுற்றுகள் சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நீளத்தைத் தின்னும். உங்கள் உயரத்துக்குத் தண்டை முழுவதும் நீட்டும்போது கேபிள் விண்ணென்று இழுபட்டு நின்றால், காயிலை மேலும் கீழும் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் கேபிள் காயிலுக்குள் நுழையும் இடம் நோகும். ஒருநாள் உள்ளே கம்பி அறுந்துவிடும். மாறாக, கேபிள் தளர்ந்து தொங்கினாலும் தொல்லைதான். காயிலுக்கு அருகே அது ஊசலாடினால், மண்ணில் ஒன்றும் இல்லாத இடத்திலும் கருவி கூவும். காயிலுக்கு மேலே ஒரு சிறு வளைவை மட்டும் விட்டுவிட்டு, மீதியைத் தண்டோடு ஒட்டிச் சுற்றி, வெல்க்ரோ பட்டையால் கட்ட வேண்டும். தண்டைச் சுருக்கும்போது இந்தச் சுற்று தளர்ந்துபோவதுதான் டெலஸ்கோப்பிக் தண்டின் உண்மையான தொந்தரவு. எக்ஸ்பி டியூஸ் போலக் கம்பியில்லாமல் காயிலோடு பேசும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

நீளத்தை நின்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தேடப் போகும்போது அணியும் காலணியோடு நிமிர்ந்து நின்று, தோளை உயர்த்தாமல், முழங்கையைச் சற்றே மடக்கி, காயில் உங்கள் கால் விரல்களுக்கு ஓர் அடி முன்னே தரையோடு இணையாக மிதக்கும்படி பிடியுங்கள். குனிய வேண்டியிருந்தால் தண்டு குட்டை. காயில் வெகுதொலைவில் போய் மணிக்கட்டு இழுத்தால் நீளம் அதிகம். உங்களைப் போன்ற உயரமானவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்களுக்கான நீளம் தண்டின் கடைசிக் குறியில் வரக் கூடாது. ஒரு குழாய் அடுத்த குழாய்க்குள் எட்டு, பத்து சென்டிமீட்டராவது நுழைந்திருந்தால்தான் இணைப்பு விறைப்பாக நிற்கும். ஆகவே உங்கள் தேவையைவிட ஒரு சாண் கூடுதலாக நீளக்கூடிய தண்டையே தேடுங்கள்.

குழாயை நீட்டிய நீளத்தில் நிறுத்திவைக்கும் பூட்டு மூன்று வகை. ஸ்பிரிங் பொத்தான் துளையில் வந்து விழும் வகையில் மணல் பெரிதாகத் தொல்லை தராது; ஆனால் துளைக்குத் துளைதான் நீளம் மாறும், துளைகளும் நாளடைவில் முட்டை வடிவமாகித் தேயும். திருகி இறுக்கும் வகை எந்த நீளத்திலும் நிற்கும், ஆட்டம் குறைவு. ஆனால் திருகு மரைக்குள் மணல் புகுந்தால் கரகரக்கும், ஈரக் கையால் திறக்க முடியாது. நெம்புகோலை மடக்கி இறுக்கும் கேம் பூட்டு விரைவானது. தளர்ந்தால் அதன் சிறு திருகை முடுக்கிச் சரிசெய்யலாம். கடற்கரைக்கு நான் கேம் பூட்டையே தேர்வேன். எந்தப் பூட்டானாலும், குழாய் உருண்டையாக மட்டும் இருந்தால் காயில் பக்கவாட்டில் திரும்பிவிடும் வாய்ப்பு உண்டு. குழாயின் நெடுக ஒரு பள்ளமோ, தட்டையான முகமோ இருக்கிறதா என்று பாருங்கள். திருகலைத் தடுப்பது அதுதான்.

கார்பனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கார்பன் ஃபைபர் குழாயின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். எடை குறையும், விறைப்பும் நன்றாக இருக்கும், ஐயமில்லை. ஆனால் விற்பவர்கள் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. கார்பனும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் கடல்நீர் பட்டால் அந்த இணைப்பு ஒரு சிறு பேட்டரியைப் போல வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். பூட்டின் உள்ளே வெள்ளைப் பொடி படிந்து, குழாய் அசையாமல் இறுகிப்போவதற்குக் காரணம் இதுவே. பூட்டு பிளாஸ்டிக்கால் ஆன தண்டை வாங்குங்கள். அலுமினியப் பூட்டுத்தான் கிடைக்கும் என்றால், ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் தண்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, பிரித்தபடியே உலர விடுங்கள். எண்ணெய் வேண்டாம், அது மணலைப் பிடித்துவைக்கும்.

அலை மோதும் இடத்தில் தேடுவீர்களானால், குழாயில் நீர் புகவும் வெளியேறவும் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரு முனையும் அடைபட்ட லேசான குழாய் நீரில் மிதக்கப் பார்க்கும். காயிலை அடியில் அழுத்திப் பிடிப்பதே பெரும் வேலையாகிவிடும்.

கேள்வி: தண்டின் கீழ்ப்பகுதி உலோகமாக இருக்கக் கூடாது என்கிறார்கள். கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தானே?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் கண்டறிய, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு மின்தூண்டல் கருவியோடு வந்தார். குண்டு கிடைக்கவில்லை. அதிபர் படுத்திருந்த மெத்தையிலிருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. காயிலுக்குப் பக்கத்தில் உலோகத் தண்டைப் பொருத்துவது அந்தப் படுக்கையைக் கையோடு சுமந்து திரிவதற்கு ஒப்பாகும்.

காயிலின் மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அதன் எதிரொலியைத்தான் கருவி கேட்கிறது. சிறு பொருள் ஒன்றின் எதிரொலி, தொலைவு கூடக் கூட ஏறத்தாழ தொலைவின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. தொலைவு இரட்டித்தால் எதிரொலி 64இல் ஒரு பங்காகிவிடும். மேல்குழாய் அலுமினியமாக இருந்தும் கருவி சும்மா இருப்பது இதனால்தான். காயில் விட்டத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தொலைவுக்குள் உலோகம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

நீங்கள் சொல்வது சரி, கார்பனும் கடத்தும். ஆனால் உலோகங்களைவிட மிக மிகக் குறைவாகக் கடத்தும். பொதுவான கருவிகளில் அது தொல்லை தருவதில்லை. பொடித் தங்கத்தைத் தேடும் கூர்மையான கருவிகளில் மட்டும் யோசிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் நல்ல கார்பன் குழாய்களின் நுனியை நைலானிலோ வேறு பிளாஸ்டிக்கிலோ செய்கிறார்கள். அங்கே இருக்கும் பிளாஸ்டிக் போல்ட் தொலைந்துவிட்டால், ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறதே என்று இரும்பு போல்ட்டைப் போட்டுவிடக் கூடாது.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பழைய தங்க வயல்களில் தேடும் பழக்கம் உண்டு. பெரிய காயில் போட்டபின் ஒரு மணி நேரத்திலேயே முன்கை வலிக்கிறது. பின்னால் எடை கட்டிய கார்பன் தண்டு உதவுமா?
– வாசகர், மெல்பர்ன்

பதில்: உதவும், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கன்று. கைப்பிடியிலிருந்து 100 செ.மீ. தொலைவில் 500 கிராம் காயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடிக்கும் முழங்கைத் தாங்கிக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால், நுனி கீழே சாயாமல் இருக்க உங்கள் முன்கை தாங்கியை ஏறத்தாழ 1.7 கிலோ அளவுக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வலிக்குக் காரணம் இந்த நெம்புவிசைதான், கருவியின் மொத்த எடை மட்டுமன்று. கைப்பிடிக்குப் பின்னே 45 செ.மீ. தள்ளி 400 கிராம் எடையைக் கட்டினால் இந்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். எனினும் கையில் தூக்கும் எடை 400 கிராம் கூடிவிடும். இடமும் வலமும் வீசித் திருப்பும்போது அந்த எடையையும் சேர்த்தே திருப்ப வேண்டும். மெதுவாக வீசுபவருக்கு இது பொருந்தும், வேகமாக வீசுபவருக்குத் தோள் வலிக்கும். எடையைவிட, நுனிப்பக்கத்தை லேசாக்குவதே நல்ல வழி: கீழ்க்குழாயைக் கார்பனாக மாற்றுங்கள்; தண்டைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். மைன்லேப் ஜிபிஇசட் 7000 போன்ற 3 கிலோவுக்கு மேற்பட்ட கருவியானால் தண்டு மாற்றி மாளாது; தோளில் மாட்டும் பட்டையோடு, கருவியின் எடையைத் தாங்கும் ரப்பர் இழுகயிறும் தேவை. இரண்டாம் உலகப் போரில், 1942இல் எகிப்தின் எல் அலமெய்னில் போலந்து மாதிரிக் கண்ணிவெடி காட்டிகளைச் சுமந்த வீரர்கள் ஏறத்தாழ 14 கிலோவைத் தாங்கினார்கள் என்பதை எண்ணி ஆறுதல் அடையலாம்.

கேள்வி: சாலைக்கு அடியில் மறைந்துபோன குடிநீர் வால்வு மூடிகளைக் கண்டுபிடிக்கப் பழைய டிடெக்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். தண்டு உடைந்துவிட்டது. வெளிநாட்டுத் தண்டின் விலை கட்டுப்படியாகவில்லை. உள்ளூரில் செய்துகொள்ளலாமா?
– குழாய் ஒப்பந்ததாரர், திருநெல்வேலி

பதில்: தாராளமாகச் செய்யலாம். மின்வேலைக்கு வாங்கும் 25 மி.மீ. பிவிசி குழாயில் நுனியைத் தட்டையாக்கித் துளையிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு மீட்டர் நீளத்தில் அது வளையும், வெயிலில் இன்னும் வளையும். உள்ளே ஒரு மரக்குச்சியைச் செருகினால் விறைக்கும். என்னைக் கேட்டால், நன்கு காய்ந்த கெட்டி மூங்கில் இந்த வேலைக்குப் பிறந்தது: லேசு, விறைப்பு, மின்கடத்தாது. தேங்காய் பறிக்க விற்கும் நீட்டுத் தொரட்டிகளில் ஃபைபர் கிளாஸ் குழாய் உள்ளவற்றையும் வெட்டிப் பயன்படுத்தலாம். அலுமினியமானால் மேல்பாதிக்கு மட்டும். ஆணி, இரும்புக் கிளாம்பு எதையும் காயில் பக்கம் வைக்காதீர்கள். தோண்டும்போது வால்வு மூடிக்குப் பதிலாகப் பழைய நாணயக் குடம் அகப்பட்டால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கிறேன். சொந்தச் செலவில் லேசான தண்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வேண்டாம், தம்பி. அந்தக் கருவி சோதித்து ஏற்கப்பட்டது அதன் சொந்தத் தண்டோடுதான். கனம் தாங்கவில்லை என்றால் உங்கள் குழுத் தலைவரிடம் சொல்லி, தயாரிப்பாளரின் தண்டையே மாற்றித் தரக் கேளுங்கள்.

கேள்வி: விமானத்தில் கைப்பெட்டிக்குள் அடங்கும் டெலஸ்கோப்பிக் தண்டு உண்டா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: மைன்லேப் எக்வினாக்ஸ் 900 கருவி முழுதும் சுருங்கினால் ஏறத்தாழ 61 செ.மீ. கைப்பெட்டிக்குப் பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் நீள வரம்பு 55 செ.மீ. மூலைவிட்டமாகச் சாய்த்து வைக்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். பெட்டியின் உள்ளளவு இடம் தராது. கீழ்க்குழாயை முழுதும் உருவித் தனியே வைக்க முடிகிற தண்டானால் அடங்கும், அல்லது தண்டைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் அனுப்பிவிட்டு, உதிரி லித்தியம் பேட்டரிகளை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.