ஆள் நிறைந்ததும் காலர் மைக் விட்டுவிட்டுக் கேட்டால்

வயர்லெஸ் காலர் மைக்கின் சிக்னலை வாங்கும் ரிசீவரை, சவுண்ட் மிக்சர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, ஆறேழு அடி ஸ்டாண்டில், நிற்பவர்களின் தலைக்கு மேலே வையுங்கள். காலி மண்டபத்தில் நன்றாக இருந்த மைக், பந்தி நேரத்தில் விட்டுவிட்டுக் கேட்கிறது என்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் இதுதான் மருந்து.

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். உங்களுடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் ஓடும் செட். அந்த அலையை உடம்பு நன்றாகவே உறிஞ்சிவிடும். மைக் மாட்டியவரின் உடம்பே முதல் தடை. தர்மபுரியில் ஒரு கல்யாணத்தில் எனக்கும் இதே தொல்லை. தொகுப்பாளர், மைக்கின் சிக்னலை அனுப்பும் பெட்டியை வேட்டி மடிப்புக்குள் செருகி மேலே பெல்ட்டும் கட்டியிருந்தார். குட்டி ஆன்டெனா மடங்கி, வியர்வையோடு தோலில் ஒட்டிக் கிடந்தது. அதை வெளியே எடுத்து, ரிசீவர் இருக்கும் பக்கமாக இடுப்பில் மாட்டியதும் சரியாகிவிட்டது.

ஆட்கள் வருவதற்கு முன்பே ஒன்று செய்து பாருங்கள். மைக்கை மாட்டிக்கொண்டு ரிசீவருக்கு முகத்தைக் காட்டிப் பேசுங்கள், அப்புறம் முதுகைக் காட்டிப் பேசுங்கள். ஒரு பக்கம் மட்டும் சத்தம் அறுந்தால் காரணம் உடம்புதான்.

கூட்டம் வந்தபின் எப்படித் திரும்பினாலும் அறுந்தால், அதே அலைவரிசையில் ஓடும் வைஃபை, புளூடூத் மேல் சந்தேகப்படுங்கள். அப்போது உயரம் மட்டும் போதாது. ரிசீவரை மேடை ஓரத்துக்கே கொண்டுபோய், அங்கிருந்து மிக்சருக்கு நீளமாக எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் போடும் மூன்று முனை ஒலிக் கேபிள்) இழுங்கள்.