தோட்டத்துப் பறவைக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தை பிறந்ததும் வரும் கடிதங்களில் பாதி, வீட்டுத் தோட்டத்தில் பார்த்த பறவைகளை வருடம் முழுக்க எழுதி வைப்பது பற்றித்தான் இருக்கும். இந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

வருடப் பட்டியலை ஜனவரி 1-ல் தொடங்குவதா, சித்திரை 1-லா? எங்கள் வீட்டில் இதற்கே வாக்குவாதம். (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு)

கூட்டிப் பார்க்க ஜனவரி முதல் டிசம்பர் வரை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கணக்கோடு ஒப்பிடவும் அதுதான் வசதி. ஆனால் ஆங்கில வருடம் ஒரு தப்பு செய்கிறது: வலசை வரும் பறவைகளின் பருவத்தை நட்டநடுவில் வெட்டிவிடுகிறது.

சாம்பல் வாலாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் செப்டம்பரில் வந்து, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடும் பறவை. எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால்தான் அதற்குப் பிடித்த இடம். வயிற்றில் மஞ்சள் ஓடும், வால் ஓயாமல் மேலும் கீழும் ஆடும். செப்டம்பர் நடுவில் கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அந்த 'ச்சிட்-ச்சிட்' காதில் விழுகிறதா என்று நின்று பார்ப்பேன். ஜனவரி 1-ஆம் தேதி அதைப் பார்த்து "புது வரவு" என்று எழுதினால், அது மூன்று மாதத்துக்கு மேலாக நம் வீட்டில்தான் இருக்கிறது என்ற செய்தி காணாமல் போய்விடும்.

அதனால் நோட்டின் கடைசியில் நான்கு பக்கம் தனியாக விடுங்கள். வலசைப் பறவைகளுக்கு மட்டும் 'முதல் நாள்', 'கடைசி நாள்' என்று இரண்டு கட்டம். செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியட்டும். வாலாட்டி, சோளக்குருவி, வேதிவால் குருவி, மரத்தின் உச்சியில் சன்னமாகக் கத்தும் கதிர்குருவிகள் எல்லாம் அந்தப் பக்கத்துக்குப் போகட்டும். கடைசி நாளைக் குறிப்பது கடினம், ஏனென்றால் போகிறேன் என்று எந்தப் பறவையும் சொல்லிவிட்டுப் போவதில்லை. மார்ச் பிறந்ததும், பார்க்கும் ஒவ்வொரு நாளும் தேதியைப் போட்டுக்கொண்டே வாருங்கள். எது கடைசி என்று பிறகு தானே தெரிந்துவிடும்.

மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியில் எட்டுத் தொட்டிச் செடிகள்தான் தோட்டம். மேலே பறந்து போகும் பருந்தை எழுதலாமா? (ஓசூர்)

தாராளமாக எழுதுங்கள். நான் வைத்திருக்கும் விதி: என் கால் என் இடத்துக்குள் இருக்க வேண்டும், பறவை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்து வீட்டு வேப்பமரமும் கணக்கில் வரும், ராமநாயக்கன் ஏரியை நோக்கிப் போகும் நீர்க்காகமும் வரும். ஆனால் 'மேலே பறந்தது' என்று ஒரு குறி போடுங்கள். செடியில் உட்கார்ந்து பூச்சி பிடித்ததும், வானத்தில் கடந்து போனதும் ஒன்றல்ல. எந்த விதியானாலும் வருடத்தின் நடுவில் மாற்றாதீர்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் கூரான கொண்டையும் வைத்த செம்மீசைச் சின்னான் வீட்டு வாசலுக்கே வரும். கீழே தருமபுரிச் சமவெளியில் எங்களுக்குப் பெரும்பாலும் வாலடியில் மட்டும் சிவப்புள்ள கொண்டைக்குருவிதான்.

எங்கள் தோட்டத்தில் மூன்று வகைத் தேன்சிட்டு என்று எழுதியிருக்கிறேன். சரியா? (மாந்தோப்பு வைத்திருப்பவர், காவேரிப்பட்டினம்)

உங்கள் வர்ணனையைப் பார்த்தால் இரண்டுதான். நெஞ்சில் கருஞ்சிவப்புப் பட்டையும் வயிற்றில் மஞ்சளும் உள்ளது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆண். வெயில் பட்டால் உடல் முழுக்க நீலமும் ஊதாவுமாக மின்னுவது ஊதாத் தேன்சிட்டு ஆண். "மஞ்சள் வயிறு, தொண்டையிலிருந்து நடுவே மை கொட்டியது போல ஒரு கோடு" என்று மூன்றாவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அதே ஊதாத் தேன்சிட்டு ஆண்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த மினுமினுப்பை உதிர்த்துவிட்டு, கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளும்.

குயிலிலும் பலர் இப்படித்தான் ஒன்றை இரண்டாக எழுதுகிறார்கள். கறுப்பு ஆண், பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது பெண். பப்பாளிப் பழத்தை இரண்டும் ஒன்றாகக் கொத்தும்போது வேறு வேறு பறவை என்று நினைப்பது இயல்புதான். ஒரு வரியை அடிப்பதில் வருத்தம் வேண்டாம். அடித்த இடத்தில் தேதியோடு "இது ஆண், நிறம் மாறும் நேரம்" என்று எழுதுங்கள். எத்தனை வகை என்ற எண்ணைவிட அந்தக் குறிப்பு மதிப்புள்ளது.

வைரி ஒன்று இரவிலும் கத்துகிறது. அப்படி உண்டா? (அரூர்)

இரவில் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் குரலை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்துகிறது என்றால் அது வைரி என்ற சிறிய வேட்டைப் பறவை அல்ல, அக்கா குயில். உருவத்தில் வைரியை உரித்து வைத்தது போல இருக்கும். அலகைப் பாருங்கள். வைரிக்குக் கொக்கி போல வளைந்திருக்கும், குயிலுக்கு அப்படி இருக்காது. கிளையில் வந்து உட்கார்ந்ததும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டினால் குயில்தான். பகலில் வைரிக் குரல் கேட்டாலும் உடனே எழுதிவிடாதீர்கள். கரிச்சான் அந்தக் குரலை அப்படியே எடுத்துக் கத்தும்.

கூண்டுக் கிளியை வாங்கித் தோட்டத்தில் பறக்கவிட்டோம். பட்டியலில் சேருமா?

சேராது. நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விடுவிப்பதற்காக வாங்கினாலும், விற்றவர் அடுத்த கிளியைப் பிடிக்கத்தான் அந்தப் பணம் போகும். விற்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காதில் மட்டும் கேட்ட பறவையை எழுதலாமா? (பென்னாகரம்)

எழுத வேண்டும். 'ஒலி' என்று குறித்துவிட்டால் போதும். தோட்டக்கள்ளன் என்றும் ஆறுமணிக்குருவி என்றும் சொல்கிறோமே, அதைப் பார்த்துத்தான் எழுதுவேன் என்றால் பல வருடங்கள் விட்டுப்போகும். ஐப்பசி வாக்கில் நம் பக்கம் வந்துவிடும். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி சுமாருக்குப் புதருக்குள்ளிருந்து இரண்டு சீழ்க்கை, அவ்வளவுதான்.

ஒருமுறை மழை விட்ட காலையில் எங்கள் சமையலறைப் பின்கதவுப் படியில் அது உட்கார்ந்திருந்தது. இரவெல்லாம் பறந்து களைத்து இறங்கியிருக்க வேண்டும். முதுகில் பச்சை, சிறகில் பளிச்சென்ற நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கையெட்டும் தூரத்தில் இருந்தும் பறக்கவில்லை. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான மூலையில் சத்தமில்லாமல் விட்டோம். தண்ணீர் புகட்டவில்லை, சோறு வைக்கவில்லை. மாலை மங்கியதும் கறிவேப்பிலைப் புதரடியில் பெட்டியைத் திறந்தேன். இரண்டு தத்து தத்தி இலைச் சருகைக் கிளறிவிட்டு உள்ளே போய்விட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி வந்தால் அதையே செய்யுங்கள். காயம் இருந்தால் மட்டும் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

ஐந்து வருடமாக எழுதுகிறேன். அதே காக்கை, மைனா, தவிட்டுக்குருவி. புதிதாக எதுவும் வருவதில்லை, நிறுத்திவிடலாமா? (பாப்பாரப்பட்டி)

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்துக்குத்தான் எல்லாவற்றையும்விட விரிவாகப் பதில் எழுத ஆசை.

புதிய பெயர் கிடைப்பது தோட்டக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் தோட்டத்தின் கதை பழைய பெயர்களில்தான் இருக்கிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரமாக இருந்தவை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் குறிப்புகள். மின்கம்பியில் உட்கார்ந்து நாம் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது என்று காட்டியவை, "இதையெல்லாம் எதற்கு எழுத வேண்டும்" என்று நினைக்காமல் எழுதியவர்களின் வரிகள்.

உங்கள் முறையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பெயருக்குப் பக்கத்தில் எண்ணிக்கையும், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பதையும் போடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், அதே திண்ணை, விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், பதினைந்து நிமிடம். "தவிட்டுக்குருவி – 9" என்றிருந்தது மூன்று வருடத்தில் 4 ஆனால் அது செய்தி. எதுவுமே வராத பதினைந்து நிமிடத்தையும் எழுதுங்கள், அந்தச் சுழியம் இல்லாமல் மற்ற எண்களுக்கு அர்த்தம் கிடையாது. சிட்டுக்குருவி வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த மாதத்திலிருந்து என்று கேட்டால் பதில் இல்லை. உங்களிடமாவது இருக்கட்டும்.

விருப்பமிருந்தால் அதே குறிப்பை, பறவைக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்திலும் ஏற்றலாம், கட்டணம் இல்லை. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் நடக்கும் வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பு இரண்டிலும் இந்தப் பதினைந்து நிமிடம் அப்படியே பயன்படும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியை நம்பலாமா? (கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி)

துப்பாக எடுத்துக்கொள், தீர்ப்பாக வேண்டாம். அது சொன்ன பறவையை ஒரு முறையாவது கண்ணால் பார்த்த பிறகு பட்டியலில் ஏற்று. அதுவரை பென்சிலில் இருக்கட்டும். பென்சிலையே எப்போதும் வைத்துக்கொண்டாலும் நல்லது. மழையில் நனைந்து என் பழைய நோட்டு ஒன்றில் ஒரு வருடத்து மை முழுக்கக் கரைந்து போனது, அதன் பிறகு நான் பேனா எடுப்பதில்லை.

மாம்பூவுக்கு மருந்து அடித்த பிறகு மாம்பழச்சிட்டைக் காணோம். மருந்துதான் காரணமா? (பர்கூர்)

மாம்பழச்சிட்டு பெயரில்தான் மாம்பழம், தின்பது பெரும்பாலும் புழுவும் பூச்சியும். தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து மற்றப் பூச்சிகளையும் கொல்லும்போது அதற்குத் தீனி குறையும், வேறு தோப்புக்கு நகர்ந்திருக்கலாம். ஒரு வருடத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்து அடித்த தேதி, மருந்தின் பெயர், எத்தனை முறை என்பதைப் பறவை நோட்டிலேயே எழுதுங்கள். முடிந்தால் வேலியோரம் இரண்டு வரிசை மரத்துக்கு அடிக்காமல் விட்டு, அங்கே தனியாகப் பதினைந்து நிமிடம் எண்ணுங்கள். அடுத்த பூ முடிந்ததும் இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்புங்கள்.