சக்கரவர்த்தி யாருக்குச் சொன்னார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் மார்க்கஸ் அரேலியஸ் பொன்மொழி ஒன்று வந்துவிடுகிறது. ‘நாம் கேட்பதெல்லாம் அபிப்பிராயம்தான், உண்மையல்ல’ என்று நேற்று வந்தது. ரோமாபுரியின் சக்கரவர்த்தி, கேட்டதெல்லாம் கிடைத்த மனிதர். பொறுமை பற்றியும் இழப்பைத் தாங்குவது பற்றியும் அவர் சொல்வதை மாதச் சம்பளத்தில் அல்லாடுகிற நான் ஏன் கேட்க வேண்டும்? படித்தால் கோபம்தான் வருகிறது.

ரா.

அன்புள்ள ரா.,

நேற்று வந்த வரி அவருடைய ‘மெடிடேஷன்ஸ்’ நூலில் எங்கும் இல்லை. யாரோ எழுதி அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதை விட்டுவிடுவோம்.

அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. இன்று நூலாகக் கிடைக்கும் 12 பகுதிகளும் அவர் தனக்கென்று கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகள். அதில் திட்டு வாங்குகிற ‘நீ’ அவரேதான். ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தைப் பாருங்கள். விடியலில் எழ மனமில்லாதபோது, மனிதனுக்குரிய வேலையைச் செய்யத்தான் எழுகிறேன் என்று நினைத்துக்கொள் என்கிறார். உடனே மனசு, படுத்துக் கிடப்பது சுகமாக இருக்கிறதே என்கிறது. சுகத்துக்காகவா பிறந்தாய், எறும்பும் தேனீயும் தத்தம் வேலையைப் பார்க்கவில்லையா என்று அதை மடக்குகிறார். சுலபமாக எழுந்துவிடுகிறவருக்கு இத்தனை வாதம் எதற்கு?

கேட்டதெல்லாம் கிடைத்தது என்கிறீர்கள். கி.பி. 161இல் அரியணை ஏறினார். சில ஆண்டுகளிலேயே, கிழக்கே பார்த்தியப் பேரரசோடு (இன்றைய ஈரான் பக்கம்) நடந்த போருக்குப் போன படையோடு கொள்ளைநோய் வந்தது. அப்புறம் வடக்கே டான்யூப் நதி எல்லையில் போர். குறிப்புகளின் ஒரு பகுதியை அங்கே பாசறையில்தான் எழுதினார். அவருக்கும் மனைவி ஃபாஸ்டினாவுக்கும் பிறந்த பிள்ளைகள் 13 பேருக்குக் குறையாது. பாதிக்கு மேல் சிறு வயதிலேயே போய்விட்டன. ஒன்பதாம் பகுதியில் இப்படி எழுதுகிறார்: ஒருவன் ‘என் பிள்ளையை நான் இழக்கக் கூடாது’ என்று வேண்டுகிறான்; நீ ‘இழந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு வரக் கூடாது’ என்று வேண்டு. சூரியோதயப் படத்தின் மேல் இதைப் போட்டால் கல்நெஞ்சக்காரன் பேச்சாகத் தெரியும். எழுதியவர் எத்தனை முறை பறிகொடுத்த தகப்பன் என்று தெரிந்தபின் என்னால் அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை.

எழுதியபடி நடந்தாரா என்றால், சில இடங்களில் நடந்தார். 175இல் சிரியாவின் ஆளுநர் அவிடியஸ் காசியஸ் தானே சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டார். சில மாதங்களில் அவருடைய ஆட்களே அவரைக் கொன்று தலையை அனுப்பிவைத்தார்கள். அதைப் பார்க்கக்கூட மார்க்கஸுக்கு மனம் வரவில்லை, புதைக்கச் சொல்லிவிட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதுகிறார். ‘எதிரியைப் போல ஆகாமலிருப்பதே சிறந்த பழிவாங்கல்’ என்று ஆறாம் பகுதியில் இருப்பதை அன்று அவர் காப்பாற்றினார். ஆனால் 177இல் லியோனில் (இன்றைய பிரான்ஸ்) கிறிஸ்தவர்கள் சித்திரவதைப்பட்டுச் செத்ததும் அவர் ஆட்சியில்தான். அதே ஆண்டில் மகன் கொமோடஸை இணைச் சக்கரவர்த்தியாக்கியது ரோமுக்குக் கேடாகவே முடிந்தது.

சரி, உங்கள் கோபத்துக்கு வருகிறேன். முதல் பகுதி முழுக்க நன்றிக் கணக்கு: தாத்தா, அம்மா, ஆசிரியர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கற்றதைச் சொல்கிறார். ஆசிரியர் ருஸ்டிகஸ் தன் வீட்டிலிருந்த பிரதியைத் தந்து, எபிக்டெடஸ் என்ற தத்துவஞானியைப் படிக்க வைத்ததற்காக அவருக்கு நன்றி சொல்கிறார். எபிக்டெடஸ் அடிமையாக இருந்தவர். இழப்பைப் பற்றிச் சக்கரவர்த்தி எழுதியதில் பெரும்பகுதி அந்த அடிமையிடம் கற்றது. அரண்மனைக் குரல் உங்களை உறுத்துகிறதென்றால் மார்க்கஸை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் எபிக்டெடஸைப் படியுங்கள்.