கரண்டை நம்ப முடியாத இடங்களுக்குப் போகும்போது கேமரா பேட்டரியை எப்படி சார்ஜ் செய்து சமாளிக்கிறீர்கள்?

கோடியக்கரை, முத்துப்பேட்டை பக்கம் ஒரு வாரம் பறவைப் படம் எடுக்கப் போகிறேன், சோலார் பேனல் வாங்கலாமா அல்லது இன்னும் நாலு பேட்டரி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேதாரண்யம் பக்கத்து ஆள், கேமராவோடு சுற்றுவதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். என்னைக் கேட்டால் இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். கையில் இருக்கும் பேட்டரியோடு கூட ஒன்று இருந்தால் போதும், மிச்சக் காசுக்கு நல்ல பவர் பேங்க் ஒன்று வாங்குங்கள். அதைச் சுவர் பாயிண்டுக்கும் கேமரா பேட்டரிக்கும் நடுவில் வையுங்கள். அதாவது கேமரா பேட்டரியை எந்த ஊர்க் கரண்டிலும் நேராகச் செருக வேண்டாம். கரண்ட் கிடைக்கிற இடத்தில் எல்லாம் பவர் பேங்குக்கு ஏற்றுங்கள், ராத்திரி ரூமில் உட்கார்ந்து பவர் பேங்கிலிருந்து பேட்டரிக்கு ஏற்றுங்கள். கரண்ட் வரும்போது மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்கிறோமே, அதே கதைதான்.

"டெல்டாவில் எந்த ஊரில் கரண்ட் இல்லை, இது என்ன இமயமலையா" என்று சிலர் கேட்பார்கள். கம்பம் எல்லா ஊருக்கும் வந்துவிட்டது, வாஸ்தவம். ஆனால் நீங்கள் வரப்போகிற காலத்தைப் பாருங்கள். வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும், அதில் முதல் மூன்று மாதம் வடகிழக்குப் பருவமழை. காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே லைன் போய்விடும், மழை விடாமல் பெய்தால் பாதுகாப்புக்காக மின்வாரியத்தாரே நிறுத்திவிடுவார்கள், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் பக்கத்து உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. ஜெனரேட்டரை வண்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுவந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்துக் காசு வாங்கினார்கள், அந்த நேரத்திலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீட்டி செல்போனுக்கும் சார்ஜ் போட்டுக்கொள்வோம். அது புயல் கதை, அப்படி அடிக்கடி நடக்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழையிலேயே ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் விடிவது இங்கே யாருக்கும் செய்தி இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பவர் பேங்க் மேல் 20,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. கேமரா பேட்டரி பெரும்பாலும் 7.2 வோல்ட். அதனால் எம்ஏஎச்சை வைத்து ஒப்பிடாமல் வாட்-மணியில் (எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது) பாருங்கள்: 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, வோல்டேஜ் மாற்றுவதிலும் சூடாவதிலும் போனது போக 45 முதல் 50 வரை பேட்டரிக்குப் போய்ச் சேரும். கேனான் எல்பி-இ6என் 14 வாட்-மணி, சோனி என்பி-எஃப்இசட்100 சுமார் 16. ஆக ஒரு பேங்க் முழுசாக நிரம்பியிருந்தால் மூன்று பேட்டரி நிரப்பலாம். 5,000 எம்ஏஎச் செல்போன் ஒன்று சுமார் 19 வாட்-மணி குடிக்கும், கேமரா பேட்டரியைவிட அதிகம்! பேங்க் காலியாகிவிட்டது என்று புலம்புகிறவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் அதில் செல்போனுக்கு ஏற்றியிருப்பார்கள். காட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது, போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இறக்கிவிடும். உள்ளே போனதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், மேப்பை முன்னாடியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது எல்லாரும் பேங்கிலிருந்து எவ்வளவு வேகமாக வெளியே வரும் என்று பார்க்கிறார்கள். நமக்கு அதைவிட முக்கியம் எவ்வளவு வேகமாக உள்ளே வாங்கும் என்பது. பழைய 10 வாட் அடாப்டரில் 20,000 எம்ஏஎச் பேங்க் நிரம்ப ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். 18 வாட் வாங்குகிற பேங்காக இருந்து அதற்கேற்ற அடாப்டரும் இருந்தால் ஐந்து, ஆறு மணி நேரம். 30 வாட்டுக்கு மேல் வாங்குவதும் இப்போது கிடைக்கிறது, அது மூன்று மணி நேர கரண்டிலேயே கிட்டத்தட்ட நிரம்பிவிடும். மத்தியானம் சாப்பிடப் போன ஓட்டலில் ஒன்றரை மணி நேரம் பாயிண்ட் கிடைத்தால் அதற்குள் எவ்வளவு அள்ள முடியும் என்பதுதான் இங்கே கேள்வி.

நடுவில் பேங்க் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், இந்தப் பக்கத்துக் கரண்டின் தரம். லைனின் கடைசி வீடுகளில் சாயங்காலம் லோ வோல்டேஜ், மின்விசிறி சுற்றுவதே கண்ணுக்குத் தெரியும். சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் லோ வோல்டேஜ் பெரிய பிரச்சினை இல்லை. போன கரண்ட் திரும்பி வருகிற நேரத்து வோல்டேஜ் துள்ளல்தான் பிரச்சினை. கோயில் திருவிழா எடுக்கப் போனால் மைக்செட்காரரின் ஜெனரேட்டர்தான் நமக்குத் தெய்வம், அவரிடம் "அண்ணே, ஒரு பாயிண்ட் குடுங்க" என்று கேட்டால் மறுக்கமாட்டார், ஆனால் சீரியல் செட் மொத்தமும் ஒரே நேரத்தில் எரிந்து அணையும்போது அந்த ஜெனரேட்டர் எப்படி ஏறி இறங்கும் என்று காதாலேயே கேட்கலாம். அந்த அடி விழுந்தால் இருநூறு, முந்நூறு ரூபாய் மொபைல் அடாப்டர் மேல் விழட்டும். சில ஆயிரம் கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சார்ஜர் பையிலேயே இருக்கட்டும்.

வயலில் இருக்கும் பம்புசெட் கொட்டகையில் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அது பாசனத்துக்கு மட்டும் கொடுத்த இலவச லைன், நம் பேட்டரிக்காக அந்த விவசாயிக்கு ஏன் வம்பு. தவிர, த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டார் ஓட்டுகிற கொட்டகைகள் உண்டு, உள்ளே வோல்டேஜ் எந்த நிலையில் இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

டீக்கடைதான் எப்போதும் கைகொடுக்கிற இடம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு பாயிண்ட் இருக்கும், ஓட்டை தளர்ந்து போயிருக்கும், இரண்டு முள் அடாப்டரைச் செருகினால் தலை சாய்ந்து தொங்கும். டீ மாஸ்டர் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியை அடியில் முட்டுக்கொடுப்பார், விளக்கு எரியும், பெஞ்சில் போய் உட்கார்வதற்குள் பஸ் ஒன்று போகும், அதிர்வில் மறுபடி அணைந்துவிடும். இதற்காகவே மூன்று முள் பிளக் உள்ள சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைப் பையில் வையுங்கள், இண்டிகேட்டர் லைட் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தூரத்திலிருந்தே கரண்ட் இருக்கிறதா என்று தெரியும். இன்னொருவர் போனுக்கும் அதிலேயே இடம் கொடுக்கலாம், அப்போது நம்முடையதை யாரும் பிடுங்கிவிட்டுப் போகமாட்டார்கள். திருட்டு பயம் எல்லாம் எனக்கு இருந்ததில்லை, பிடுங்கிவிட்டு வேறு போன் போடுவதுதான் வழக்கமாக நடப்பது. டீ, வடை சாப்பிட்டதோடு இருபது ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். வாங்கமாட்டேன் என்பார்கள், வைத்துவிட்டு வாருங்கள்.

ரயிலில் வந்தால் ஏறியதுமே பேங்கை மாட்டிவிடுங்கள், ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. பைக்கில் சுற்றுகிறீர்கள் என்றால் ஹேண்டில்பாரில் யூஎஸ்பி சாக்கெட் வைத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அரை பேட்டரி அளவு பேங்கில் சேரும். இன்ஜின் ஓடும்போது மட்டும் போடுங்கள். கார் என்றால் கவலையே இல்லை, 12 வோல்ட் சாக்கெட்டில் நல்ல ஃபாஸ்ட் சார்ஜர் மாட்டினால் திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரை போவதற்குள் ஒரு பேட்டரிக்கு வேண்டியது ஏறிவிடும்.

சோலார் வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், நமக்கு அது தேவைப்படுகிற மாதங்களில் வெயில் இருக்காது. 20 வாட் மடிப்பு பேனல் நல்ல உச்சி வெயிலில் 12, 14 வாட் கொடுக்கும், ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் இரண்டு மூன்று வாட் வந்தால் அதிர்ஷ்டம். மேகம் கடக்கும்போதெல்லாம் சார்ஜர் நின்று நின்று ஆரம்பிக்கும். தை, மாசியில் வருவதாக இருந்தால், அதுவும் பகல் முழுக்க ஒரே இடத்தில் தங்குவதாக இருந்தால் யோசிக்கலாம், அப்போதும் பேனலிலிருந்து பேங்குக்குத்தான்.

பேங்கிலிருந்து கேமரா பேட்டரிக்கு எப்படி என்பது உங்கள் கேமராவைப் பொறுத்தது. புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) கேமரா என்றால் பெரும்பாலும் சி டைப் ஒயரிலேயே ஏறும், ஆனால் கேனான் ஆர்5, ஆர்6 மாதிரி சிலவற்றுக்கு யூஎஸ்பி பவர் டெலிவரி (PD) வசதி உள்ள பேங்க் இல்லாவிட்டால் ஏறாது. வீட்டிலேயே ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள வகை) என்றால் யூஎஸ்பி இரட்டைச் சார்ஜர் வாங்க வேண்டும், 10 வாட்டில் இரண்டு பேட்டரி நிரம்ப நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தூங்குகிற நேரம்தானே. சில பேங்குகள் கடைசியில் மின்சாரம் குறைவாக ஓடும்போது வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும், காலையில் பேட்டரி முழுசாக நிரம்பியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

செலவைக் குறைப்பதும் முக்கியம்தான், ஆனால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கேனான் 80டி ஒரு சார்ஜில் 960 படம், சோனி ஏ7 மூன்றாம் மாடலில் வியூஃபைண்டர் வழியாக 610 படம், இது கம்பெனிகள் ஒரே முறையில் அளந்து சொல்கிற கணக்கு. பூநாரைக் கூட்டம் சதுப்பில் வெகு தூரத்தில் நிற்கும், கிட்டே வரும் என்று மணிக்கணக்கில் கண்ணை வைத்துக்கொண்டே காத்திருப்பீர்கள், மிரர்லெஸ்ஸில் வியூஃபைண்டரே ஒரு சின்னத் திரை என்பதால் அந்தக் காத்திருப்புதான் பேட்டரியைத் தின்கிறது. பைனாகுலரில் பாருங்கள், பறவை அசைந்தால் கேமராவை எடுங்கள். வைஃபை, புளூடூத்தை அணைத்துவிடுங்கள். எடுத்த படங்களை அங்கேயே உட்கார்ந்து பார்த்து அழிக்காதீர்கள்.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளம், சதுப்பு, கடல் மூன்றும் பக்கத்திலேயே இருப்பதால் பேட்டரியின் தகட்டில் ஒரு பிசுபிசுப்பு படியும், சார்ஜரில் வைத்தால் விளக்கு மினுக்கி மினுக்கி எரியும், பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உலர்ந்த துணியால் துடைத்து, போகாவிட்டால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகும்போது பேட்டரி, பேங்க் எல்லாவற்றையும் இறுக்கமாக மூடுகிற டிபன் பாக்ஸில் போடுங்கள், படகில் சார்ஜுக்கு வழியும் கிடையாது, தெறிக்கிற தண்ணீரும் உப்பு. நிரம்பிய பேட்டரிக்கு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள், தீர்ந்ததும் கழற்றிவிடுங்கள், இருட்டில் கைவிட்டுத் தடவினாலே எது எது என்று தெரியும். பேட்டரியைச் சில்லறைக் காசோடு பாக்கெட்டில் போடாதீர்கள், தகட்டில் காசு பட்டால் ஷார்ட் ஆகும்.

பைக் பெட்டியில் வெயிலில் கிடந்த பேட்டரியை எடுத்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், நிழலில் ஆறட்டும், 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது ஏற்றினால் அதன் ஆயுள்தான் குறையும். வயிறு உப்பிய பேட்டரியைக் கேமராவுக்குள் தள்ளவே தள்ளாதீர்கள், வெளியே எடுக்க முடியாமல் போகும். திருச்சி வரை விமானத்தில் வருவதாக இருந்தால் பேங்கும் உதிரி பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி எதுவும் தேவையில்லை, 20,000 எம்ஏஎச் அதற்குள் அடங்கிவிடும்.